வேகம் குன்றிய மடிக்கணினி



நேற்றுவரை விரைந்து ஓடிய பொறி ஒன்று இன்று திடீரென்று தள்ளாடத் தொடங்கினால், அதற்கு உரியவரின் உள்ளத்தில் முதலில் எழுவது அச்சம். அச்சத்தைத் தொடர்ந்து வருவது செலவு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய பொறி ஒன்றைப் பற்றியது. கணினி விளையாட்டுகளுக்கென மிகுந்த ஆற்றலோடு அமைக்கப்படுவதும், இளைஞர்களால் ‘கேமிங் லப்டொப்’ என அழைக்கப்படுவதுமான மடிக்கணினி ஏன் திடீரென வேகம் குன்றுகிறது? அதன் காரணத்தை வீட்டிலிருந்தபடியே கண்டறிவது எவ்வாறு? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

விளையாட்டுக் கருவி ஒன்றுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தில், மாவனெல்லைக்குத் தெற்கே மலைகளுக்குள் அமைந்திருக்கிறது அரநாயக்க. தேயிலையும் இறப்பரும் வளரும் அம்மலைச்சாரலின் தோட்டமொன்றில், லயத்து வீடொன்றில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். கொழும்பிலே வேலை பார்க்கும் அண்ணன் தவணை முறையில் வாங்கி அனுப்பிய மடிக்கணினி அவனிடம் இருக்கிறது. பகலில் பாடமும் படவேலையும், இரவில் விளையாட்டும் அதிலேயே நடைபெறுகின்றன. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, மூன்று இலட்சம் ரூபா பெறுமதியான கருவியொன்று 222 நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்புக்குச் சமம். அதனைப் பழுதென்று தள்ளிவிடுவதும், தேவையில்லாத பகுதியை மாற்றிப் பணத்தை இழப்பதும் அக்குடும்பத்துக்குச் சிறிய காரியங்கள் அல்ல. அதனோடு, ‘விளையாடி விளையாடியே கெடுத்துவிட்டான்’ என்ற பழியும் பிள்ளையின்மேல் விழுந்துவிடுகிறது. அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது என்பதை இப்பேச்சின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். திடீர் மந்தம் என்பது பல வேளைகளில் நோயன்று; பொறி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் செயலாகும். வண்டி இறக்கத்தில் விரையும்போது ஓட்டுநர் தடையை அழுத்துவது போல, கணினியும் தனக்கு ஆபத்து நேரும் என்று கண்டால் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பென்டியம் 4 என்னும் செயலியினுள், வெப்பம் மிகும்போது வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு வைக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் டொம்ஸ் ஹாட்வெயார் என்ற தொழில்நுட்ப இதழினர், கணினி விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் பார்த்தனர். பென்டியம் 4 செயலி மிகவும் மெதுவானது. ஆனால் உயிர் பிழைத்தது. அதே காலத்து ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன் செயலியோ சில நொடிகளில் கருகிப்போயிற்று. பிற்காலத்தில் செயலிகள் யாவும் இத்தகைய பாதுகாப்பைப் பெற்றுவிட்டன. ஆகவே இன்று ஒரு கணினி மெதுவாகுமாயின், அதைப் பிடித்து நிறுத்தும் கை எது என்று கேட்பதே அறிவுடைமை.

அந்தக் கைகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று வெப்பம், இரண்டாவது மின்சாரம், மூன்றாவது சுமை. எந்தக் கை பிடித்திருக்கிறது என்று அறிவதற்கு ஒரு காசும் செலவில்லை. இரண்டு கேள்விகள் போதும்.

முதற் கேள்வி: மந்தம் எப்போது தொடங்குகிறது? கணினியைத் திறந்து விளையாட்டைத் தொடங்கியதும் வேகம் நன்றாயிருந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களின் பின்னர் குன்றுமாயின் வெப்பத்தை ஐயுறுக. தொடக்கம் முதலே மந்தமாயிருந்தால் மின்சாரத்தையோ சுமையையோ ஐயுறுக.

இரண்டாவது கேள்வி: எண்கள் என்ன சொல்கின்றன? வின்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை திறக்கும். மையச் செயலி எத்தனை வீதம் உழைக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வட்டு எவ்வளவு அலைகிறது என்பவற்றை அதிலே காணலாம். படங்களைத் தீட்டும் வரைகலைச் செயலியின் வெப்பத்தையும் பல கணினிகளில் அங்கேயே படிக்கலாம். மையச் செயலியின் வெப்பத்தை அறிய ‘எச்.டபிள்யூ. இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள் உதவும்.

இவ்வெண்களை இவ்வாறு பொருள்கொள்ள வேண்டும். வெப்பம் 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டி, வேகம் படிப்படியாகக் குறைந்தால், பிடித்த கை வெப்பம். வெப்பம் 50 பாகையளவிலேயே இருக்க, 4 கிகாஹேட்ஸில் ஓடவேண்டிய செயலி 0.8 அல்லது 0.4 கிகாஹேட்ஸில் அசையாமல் நின்றால், மின்சாரத்தையே முதலில் ஐயுறலாம். வேகமும் வெப்பமும் ஒழுங்காயிருக்க, நினைவகம் நிரம்பியோ வட்டு நூறு வீதத்தில் அலைந்தோ காணப்பட்டால், பிடித்த கை சுமை. இந்த மூன்று அடையாளங்களையும் ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொன்றாக விரித்துக் காண்போம்.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். செயலியினுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்கதவுகள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்பிலும் சிறிது மின்னாற்றல் வெப்பமாகிறது. வேகம் கூடினால் வெப்பமும் கூடும் என்பது வெளிப்படை. அதற்குமேல் இன்னொன்றும் உண்டு: வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது, வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து வளர்கிறது. இதனால் வேகத்தில் சிறிதளவு விட்டுக்கொடுத்தாலே வெப்பத்தில் பெருமளவு தணிகிறது. பொறி இந்தக் கணக்கை அறிந்தே வேகத்தைக் குறைக்கிறது.

பிறந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். செயலியின்மீது படிந்திருக்கும் செப்புக் குழாயினுள் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் அத்திரவம் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்குச் செல்கிறது. அங்கே, சோற்றுப் பானையின் மூடியில் நீர்த்துளி படிவது போல, மீண்டும் திரவமாகித் தன் வெப்பத்தை விடுகிறது. குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் முறையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். கம்பி வலையின்மேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவர். கொழுந்தை அளவுக்கு மீறித் தடிப்பாகப் பரப்பினால், விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று ஊடுருவாது. கொழுந்தும் ஒழுங்காக வாடாது. குறை விசிறியில் இல்லை. காற்றின் வழி அடைபட்டதிலே இருக்கிறது. மடிக்கணினியின் தகடுகளுக்கிடையே தூசி படியும்போது நிகழ்வதும் இதுவே.

ஈரப்பதன் மிகுந்த வலயத்தைச் சேர்ந்தது அரநாயக்க. அங்கே தூசி உலர்ந்த பொடியாக இராது, ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். லயத்து வீட்டில் விறகடுப்புப் புகையும் தாளிக்கும் எண்ணெய் ஆவியும் அதனோடு சேர்ந்தால், தகடுகளின் மேல் கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் உருவாகிவிடும். தூசி மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்கிறது. மந்தமோ ஒரே நாளில் தோன்றுகிறது. வெப்பம் தன் எல்லையைத் தொடும்வரை பொறி எதனையும் காட்டிக்கொள்வதில்லை. எல்லையைத் தொட்ட நாளில்தான் வேகத்தைக் குறைக்கிறது. திடீரென்று வந்ததாக நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

இதனைச் சோதிக்கும் வழி எளிது. கணினியைக் கட்டில் மெத்தையிலோ போர்வையிலோ வைக்காமல் மேசையின்மீது வையுங்கள். பின்புறத்தின் இரு ஓரங்களிலும் சிறிய மரத்துண்டுகளை வைத்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் மறையாதிருக்கட்டும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் ஒருமுறையும், குளிர்ந்த இரவில் ஒருமுறையும் அதே விளையாட்டை அதே நேரம் ஓட்டி, வெப்பத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பம் ஐந்து பாகை குறைந்தால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். இரவில் வேகம் திரும்பிவிட்டால், நோய் இன்னதென்று அறிந்துவிட்டீர்கள்.

சுத்தம் செய்யும்போது சில விதிகளைக் காக்க வேண்டும். கணினியை முற்றாக அணைத்து, மின்னிணைப்பைக் கழற்ற வேண்டும். விசிறி சுழலாதபடி ஒரு தீக்குச்சியால் மெல்லத் தடுத்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்ற வேண்டும். வாயால் ஊதுதல் கூடாது. மூச்சோடு ஈரமும் உட்செல்லும். வாகனச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்து ஊதுவதும் கூடாது; அதன் விசை விசிறியின் அச்சைக் கெடுத்துவிடும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியின் அடிமூடியைத் திறக்குமுன் விற்றவரைக் கேட்பது நன்று.

தூசியை நீக்கியும் வெப்பம் தணியாவிட்டால், செயலிக்கும் செப்புக்கும் இடையில் பூசப்பட்ட வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளில் காற்று தங்காதபடி நிரப்புவதே அப்பசையின் தொழில். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சில ஆண்டுகளில் பசை வறண்டு வெடித்துவிடும். இதனைப் புதுப்பிப்பது பழகிய கைக்குரிய வேலை. கேகாலை மாவட்டத்து நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் இங்கு உண்டு. அம்மாவட்டத்தின் போகல சுரங்கத்தில் அகழப்படும் காரீயம், அதாவது பென்சிலின் உள்ளே நாம் காணும் கரிப்பொருள், வெப்பத்தை நன்கு கடத்துவது. அப்பொருளின் இனத்தைச் சேர்ந்த மெல்லிய தாள்களே இன்று கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் வெப்பத்தைப் பரப்பப் பயன்படுகின்றன.

இனி மின்சாரத்துக்கு வருவோம். விளையாட்டு மடிக்கணினி மிகுந்த மின்பசி உடையது. அதனோடு வரும் சார்ஜரின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். வெளியீடு 20 வோல்ற்று, 11.5 அம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க 230 வாற்று வரும். அது பழுதுபட்டபோது, முனை பொருந்துகிறதே என்று 19.5 வோல்ற்று, 6.15 அம்பியர் சார்ஜர் ஒன்றை மாற்றிவிட்டால், கிடைப்பது ஏறத்தாழ 120 வாற்று மட்டுமே. இரண்டு பேருக்கு ஆக்கிய சோற்றை நான்கு பேருக்குப் பகிர்வது போல, பொறி தன் வேகத்தைச் சுருக்கிக்கொள்கிறது. முனை பொருந்துவது மட்டும் போதாது. வோல்ற்று ஒத்திருக்க வேண்டும். வாற்று குறையாதிருக்க வேண்டும்.

சில கணினிகள் சார்ஜரின் முனையிலுள்ள நுண்ணிய ஊசி ஒன்றின் வழியே அதன் இனத்தை விசாரித்து அறிகின்றன. அவ்வூசி வளைந்தாலும் கம்பி அறுந்தாலும், தனக்கு வந்திருப்பது எந்தச் சார்ஜர் என்று பொறிக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது அது மிகத் தாழ்ந்த வேகத்தையே பாதுகாப்பெனக் கொள்கிறது. 50 பாகை வெப்பத்தில் 0.8 கிகாஹேட்ஸில் நின்றுவிடும் கணினியின் கதை பல வேளைகளில் இதுவே. வின்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேடாகிய ‘ஈவென்ட் வியூவரில்’ 37 என்ற எண்ணோடு, செயலியின் வேகத்தை உள்மென்பொருள் மட்டுப்படுத்தியது என்ற குறிப்பு காணப்பட்டால், பொறிக்குள்ளிருந்தே கட்டளை பிறந்திருக்கிறது என்று அறியலாம். அப்போது கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, தொடக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடியும் இயக்கிப் பாருங்கள். உள்ளே சிக்கிநின்ற கட்டளை சிலபோது இதனாலேயே அகன்றுவிடும்.

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கேற்றும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்வதால் கணினி மெதுவாகிறது என்று சிலர் எண்ணுவர். பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்பவை. ஆகவே 230 வோல்ற்று சிறிது குறைவதனால் மட்டும் வேகம் குன்றாது. தளர்ந்த மின்செருகியும், பல கருவிகளைச் சுமக்கும் நீட்டுக் கம்பியுமே உண்மைக் குற்றவாளிகள். இணைப்பு விட்டு விட்டு வரும்போது, கணினி மின்கலத்துக்கும் கம்பிக்கும் இடையே ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஊசலிலும் வேகம் விழுகிறது. திரையின் மூலையிலுள்ள மின்கல அடையாளம் மாறி மாறித் தோன்றுகிறதா என்று பாருங்கள். செருகி சூடாயிருந்தால் கணினியை மறந்து, முதலில் செருகியை மாற்றுங்கள். அது தீயின் முன்னறிவிப்பு.

மின்கலத்தின் முதுமையையும் இங்கே சொல்லவேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மடிக்கணினியின் மின்கலத்தை நாள்தோறும் வெறுமையாக்கி நிரப்பினால் அது விரைவில் முதுமை அடையும். சில விளையாட்டுக் கணினிகள் உச்ச வேளையில் சார்ஜரோடு மின்கலத்தின் துணையையும் நாடுகின்றன. துணை தளர்ந்தால் வேகமும் தளர்கிறது. பழைய மின்கலம் உடைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க அவற்றின் வேகத்தைத் தாம் குறைத்ததாக அப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் இதே நியாயத்தின்பாற்பட்டது. வரைகலைச் செயலியின் அமைப்பொன்றும் உண்டு. மின்கலத்தில் மட்டும் ஓடும்போது, என்விடியாவின் ‘பற்றரி பூஸ்ட்’ என்னும் ஏற்பாடு விளையாட்டின் படங்களை நொடிக்கு 30 என்று கட்டுப்படுத்தக்கூடும். படவேகம் சரியாக 30இல் நின்றால், பழுதென்று பதறாமல் சார்ஜர் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்கலம் வீங்கி, விசைப்பலகையோ அடிமூடியோ மேலெழுந்து காணப்பட்டால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவும் குத்தவும் வேண்டாம். அது வேகத்தைப் பற்றிய கேள்வியன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

மூன்றாவது கை, சுமை. நேற்று எதனை நிறுவினோம், எது தானாகப் புதுப்பித்துக்கொண்டது என்பதே இங்கு முதல் விசாரணை. வின்டோஸ் புதுப்பிப்பு பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கலாம். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் வட்டு முழுவதையும் சோதித்துக்கொண்டிருக்கலாம். இவை சில மணித்தியாலங்களில் தாமே தீரும். எஸ்.எஸ்.டி. என்னும் வட்டு விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் குன்றும். ஆறில் ஒரு பங்கேனும் வெறுமையாக விட்டுவைப்பது நல்ல வழக்கம். பழைய சுழல்வட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்துத் தாமதித்தால், வேறெந்தச் சோதனைக்கும் முன்னர் அதிலுள்ளவற்றைப் பிரதி எடுத்துவிட வேண்டும். இவ்வகைக் கணினிகளில் பெரும்பாலும் இரண்டு வரைகலைச் செயலிகள் இருக்கும். ஒன்று சிக்கனமானது, மற்றது வலிமையானது. ஏதேனும் ஒரு புதுப்பிப்பின் பின்னர் விளையாட்டு சிக்கனமான செயலியில் ஓடத் தொடங்கியிருந்தால், வின்டோஸின் அமைப்புகளுக்குச் சென்று வலிமையானதைத் தேர்ந்தால் போதும்.

தயாரித்தவரின் கட்டளைத் தொகுதியிலேயே பிழை இருப்பதும் உண்டு. 2018 யூலையில் வெளிவந்த அப்பிளின் மக்புக் புரோ மடிக்கணினிகள் கடுமையான வேலையின்போது எதிர்பாராத அளவு மெதுவாயின. உள்மென்பொருளில் வெப்பத்தை ஆளும் பகுதியில் ஒரு திறவுகோல் விடுபட்டிருந்ததே காரணமென அந்நிறுவனம் அறிவித்து, அம்மாதத்திலேயே திருத்தத்தை வெளியிட்டது. ஆகையால் தயாரிப்பாளர் வெளியிடும் உள்மென்பொருள் திருத்தங்களையும் பார்த்தல் தகும். ஆனால் இடியும் மழையும் உள்ள பிற்பகலில் அதனைத் தொடங்கவேண்டாம். பாதி வழியில் மின்சாரம் நின்றால், மெதுவான கணினி முற்றாக இயங்காத கணினியாகிவிடும்.

சுமையின் மிகத் தீய வடிவம், நாம் அறியாமல் ஏறிய சுமை. நண்பர் கையிலிருந்து பென்டிரைவில் வந்த, பூட்டு உடைக்கப்பட்ட இலவச விளையாட்டுகளை இளைஞர்கள் தயக்கமின்றி நிறுவுகிறார்கள். அவாஸ்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ‘கிரக்கொனொஷ்’ என்ற தீநிரல் ஒன்றைப் பற்றி அறிவித்தது. அது இத்தகைய திருட்டு விளையாட்டுகளினுள் ஒளிந்து பரவி, உலகெங்கும் 222,000க்கும் மேற்பட்ட கணினிகளில் குடிபுகுந்திருந்தது. நச்சுநிரல் தடுப்பை முடக்கிவிட்டு, கணினியின் உழைப்பைத் திருடி ‘மொனேரோ’ என்னும் மறைநாணயத்தை யாரோ ஒருவருக்காகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. வலிமையான விளையாட்டுக் கணினி, அத்தகைய திருடர்க்கு மிக விருப்பமான வேலையாள். கணினியில் ஒன்றும் செய்யாதிருக்கும் போதும் விசிறி இரைகிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் இரைச்சல் அடங்கிவிடுகிறதா? அவ்வாறாயின் ஐயம் வலுக்கிறது. அத்தகைய தீநிரல்களுள் சில, தம்மைப் பார்க்க வருபவரைக் கண்டு ஒளிந்துகொள்ளும். இலவசமாக வந்த விளையாட்டுக்கு மின்கட்டணத்தாலும் கருவியின் ஆயுளாலும் நாமே விலை கொடுக்கிறோம்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடத் தோன்றும். அதுவே தவறான வழி. தூசியைத் துடைத்து, சார்ஜரை மாற்றி, வின்டோஸையும் புதிதாக நிறுவியபின் கணினி நலமடைந்தால், எதனால் நலமடைந்தது என்று எவ்வாறு அறிவீர்கள்? மறுபடி மந்தம் வந்தால் மறுபடியும் மூன்று செலவு அல்லவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவில்லாச் சோதனைகள் முதலில்; செலவுள்ளவை பின்னர்; மீட்க முடியாதவை கடைசியில். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

மீட்க முடியாதவற்றுள் தலையாயது, வட்டிலுள்ள அனைத்தையும் அழித்து வின்டோஸை மீள நிறுவுதல். ‘ஃபோமட் அடித்தால் சரியாகிவிடும்’ என்பது எங்கும் கேட்கும் சொல். தூசியினாலும் சார்ஜரினாலும் வந்த மந்தம் அதனால் சிறிதும் நீங்காது. பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் சான்றிதழ்ப் பிரதிகளுமே நீங்கும். ஆகவே எதற்கும் முன்னர் பிரதி எடுங்கள். அப்பிரதியையும் கணினியின் பக்கத்திலேயே வைக்கவேண்டாம். 2016 மே 17ஆம் நாள், பெருமழையின்போது அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து, உயிர்களையும் வீடுகளையும் மண்ணுள் புதைத்தது. வீட்டினுள் மட்டுமே வைத்த ஆவணம் வீட்டோடு போய்விடக்கூடும் என்பதை அவ்வூராருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இன்னோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருப்பது நன்று.

இத்தனை சோதனைக்குப் பின்னும் காரணம் புலப்படாவிட்டால், மாவனெல்லையிலோ கேகாலையிலோ உள்ள பழுதுபார்ப்பவரிடம் செல்லத் தயங்கவேண்டாம். போகும்போது நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘கணினி மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? ‘பன்னிரண்டாம் நிமிடத்தில் வெப்பம் 97 பாகை ஆகிறது, வேகம் பாதியாகிறது, உயர்த்தி வைத்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தாங்குகிறது’ என்று சொல்லுங்கள். நோயாளியின் காய்ச்சல் அட்டையைக் கண்ட வைத்தியரைப் போல அவர் நேரே காரணத்துக்குச் செல்வார். வேலைக்கு முன்னரே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியையாவது மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான தொழிலாளர் எவரும் இதனைக் குறையாக எண்ணமாட்டார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விளையாட்டு ஓடும்போதுதான் பொறி தன் முழு வலிமையோடு உழைக்கிறது. அதனால் மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படுகிறது. நிறைந்த பாரத்தோடு மலையேறும்போது வண்டியின் குறை தெரிவதனால், மலையை நோவதில் பயனில்லை. பிள்ளை எத்தனை மணித்தியாலம் விளையாடுவது என்பது வீட்டார் தீர்மானிக்கவேண்டிய வேறு விடயம். கணினியின் மந்தத்தை அதற்குச் சான்றாக்காதீர்கள். அவனையே அருகில் இருத்தி, வெப்பமும் வேகமும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு குறையை அளந்து, பிரித்து, காரணம் கண்டு தீர்க்கும் பழக்கத்தை அவன் அதிலே கற்பான். அந்தப் பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதில்லை.

சுருங்கக் கூறின், பத்து நிமிடத்தின் பின் வரும் மந்தம் வெப்பத்தைச் சுட்டும். குளிர்ந்திருந்தும் ஒரே தாழ்ந்த வேகத்தில் நிற்கும் மந்தம் மின்சாரத்தைச் சுட்டும். வேகம் இருந்தும் நினைவகமும் வட்டும் திணறும் மந்தம் சுமையைச் சுட்டும். பிரதி எடுங்கள், எண்களை எழுதுங்கள், ஒன்றொன்றாக மாற்றுங்கள். பல வீடுகளில் ஒரு தூரிகையும் ஒரு மரத்துண்டும் சரியான சார்ஜரும் கணினிக்குப் பழைய வேகத்தை மீட்டுக் கொடுத்துவிடும்.